ஏறலாம் என்று சொன்ன குரல்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

எனக்குச் சளி. மற்றபடி நலம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? மாமா கொஞ்சமாவது வாயை மூடுகிறாரா, இல்லை உன் பங்கையும் சேர்த்து அவரே பேசுகிறாரா?

ஆபரேஷனுக்குப் பிறகு பேசவே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து உனக்கு எத்தனையோ மெசேஜ் அனுப்பிவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் வருகிறது. ஒரு கட்டைவிரலோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? அதனால் கடிதம்.

என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் நீ "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்கிறாயாம். சரியாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆட்கள் தங்கள் ஊர்ச் சத்தங்களைப் பதிந்து எங்கள் இணையக் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆலைச் சங்கு. நின்றுபோன கடிகார மணி. ஒரு பழைய லிஃப்ட்டின் முனகல். யார், எங்கே, எப்போது என்று சரிபார்த்து வெளியிடுவது என் மேஜை.

என் மேஜைக்கு வராத பழைய பதிவுகளும் உண்டு. நேற்று அவற்றில் ஒன்றைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன்.

"இரண்டாம் துறையில் நிற்கும் படகில்... ஏறலாம்."

நீ.

கீழே எழுதியிருந்தது: படகுத்துறையின் குரல். இவர் இப்போது நம்மிடையே இல்லை. பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. அதன் கீழே நீளமாக, ஊர்பேர் தெரியாதவர்களின் கண்ணீர்.

மூன்றாவது முறை கேட்டபோதுதான் சிரிப்பு வந்தது. முதல் இரண்டு முறை என்ன வந்தது என்று எழுதவில்லை.

திருத்தச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன். நீ சூடாக ஏதாவது குடி.

உன் தங்கை


பிப்ரவரி 17

அடியே பொடிசு,

நான் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நலமாக இருக்கிறேன். சளிக்கு ஆவி பிடித்தாயா?

மாமா தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டுகிறார். சும்மா இல்லை, நடித்துக் காட்டுகிறார். என் குரலைக் கேட்டால் தலைவலி போய்விடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "எனக்கு வர ஆரம்பிச்சதே அப்பத்தான்" என்கிறார் மாமா. நான் சிலேட்டை எடுத்து, பதில் எழுதி, திருப்பிக் காட்டுவதற்குள் அவர் நாலு வாக்கியம் தாண்டிவிடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில்லை. மனுஷன் பளபளவென்று இருக்கிறார்.

அதைத் திருத்தாதே. இருக்கட்டும். என் குரலைக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்தேன் என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அக்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜன்னல் வழியாக என்னைக் கேட்டு நேரம் தெரிந்துகொண்டாராம் ஒருவர். இதையெல்லாம் உயிரோடு இருக்கிறவளிடம் யார் வந்து சொல்வார்கள்? கவுன்ட்டரில் இருந்தவரை என்னிடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "சில்லறை இருக்கா?"

மாமா உன்னை விசாரித்தார். கையால் விசாரித்தது நான்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

ஆவி பிடித்தேன், சளி போயிற்று. நீ மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார்?

இங்கே நிலவரம். என் மேலதிகாரியை நாங்கள் முத்திரை என்று கூப்பிடுவோம். எதற்கும் ஆதாரம் கேட்பார். நல்ல மனிதர். அவரிடம் போனேன்.

"சார், அந்தப் பதிவுல இருக்கறவங்க உயிரோட இருக்காங்க."

"ஆதாரம்?"

"என் அக்கா சார்."

"அது உறவும்மா. ஆதாரம் எங்க?"

இறந்ததற்கு மட்டும் என்ன ஆதாரம் என்று கேட்டேன். ஒரு பத்திரிகைச் செய்தியைக் காட்டினார். அந்தச் செய்தியின் கடைசி வரியில், தகவலுக்கு நன்றி என்று எங்கள் பக்கத்தின் முகவரி. முதலில் யாரோ ஒருவர் விளையாட்டாகவோ வருத்தமாகவோ எழுதியிருக்கிறார். பக்கத்தைப் பார்த்துப் பத்திரிகை எழுதியது. பத்திரிகையைப் பார்த்துப் பக்கம் உறுதி செய்தது. ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டு நிற்கிறது. கீழே தரை இல்லை.

இது வெறும் சிரிப்பு விஷயமாக இருந்தால் உன் இஷ்டப்படி விட்டிருப்பேன். இல்லை. படகுத்துறை நிர்வாகம் எங்களிடம் வந்திருக்கிறது. நீ விலகிய பிறகு வைத்த இயந்திரக் குரல் பயணிகளுக்குப் பிடிக்கவில்லையாம். இந்தப் பழைய பதிவுகளிலிருந்து உன் குரலைப் போலவே ஒன்றை மென்பொருளில் செய்து, அதையே துறையில் பேசவைக்கப் போகிறார்கள். உயிரோடு இருப்பவர் என்றால் கையெழுத்துச் சம்மதம் வேண்டும். இல்லாதவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே நீ இருக்கிறாயா இல்லையா என்பது இப்போது அலுவலக விஷயம்.

தங்கை


மார்ச் 21

பொடிசு,

இங்கே எல்லாரும் சுகம். ஜன்னலுக்கு அடித்த பெயின்ட் இன்னும் காயவில்லை, மாமாவின் சட்டை முழங்கை நீலம்.

உன் கடிதம் வந்த அன்றே மாமாவின் போனில் அந்தப் பக்கத்தில் நானே எழுதினேன். "நான்தான் அது. நான் இருக்கிறேன்" என்று. பெயருக்குப் பதில் அவருடைய கடைப் படம் வந்து உட்கார்ந்துவிட்டது, டயர் படம். ஐந்து நிமிடத்தில் பதில்: "டயர்க்காரரே, இறந்தவர்களை வைத்து விளையாடாதீர்கள். உங்கள் வீட்டில் பெண்கள் இல்லையா?" இருக்கிறேன் என்று எழுதப் போனேன். மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார். அவருக்கு வியாபாரம் போய்விடுமாம்.

இன்னொரு வேடிக்கை. "படகில்" என்பதற்கும் "ஏறலாம்" என்பதற்கும் நடுவில் நான் விடும் இடைவெளியைப் பற்றி அங்கே ஒரு பெரிய விவாதமே நடக்கிறது. படகில் போன காதலனை நினைத்துக்கொள்வாளாம். ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கி அழுகையை விழுங்குவாளாம். அதைப் பற்றி ஒரு கவிதை வேறு.

உனக்குத் தெரியும். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் துறை தெரியாது. எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டினால்தான் தெரியும். படகை இழுத்துக் கம்பத்தில் கயிறு கட்டிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்து, "ஏறலாம்." அவ்வளவுதான். கட்டாத படகுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு ஆள் விழுகிற அளவு இடம் இருக்கும்.

மைக்கும் என் வேலை இல்லை. ஏட்டில் நான் டிக்கெட் எழுத்தர். "நீ கொஞ்சம் சொல்லிடும்மா" என்றார்கள், சொன்னேன். அதனால் நான்தான் அந்தக் குரல் என்று சொல்ல ஒரு காகிதமும் கிடையாது. உன் முத்திரைக்கு என்ன காட்டுவது?

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்கா,

நலம். மாமாவின் முழங்கைக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்.

முத்திரை ஒரு வழி சொன்னார். அந்த ஒரே வாக்கியத்தை இப்போது நீ பேசிப் பதிந்து அனுப்பினால் போதும். மென்பொருள் பழைய குரலோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். உறவு என்பதால் நான் அந்தக் கோப்பைத் தொடக் கூடாது, கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். முடிவை மட்டும் எனக்குச் சொல்வார்கள்.

பேச டாக்டர் அனுமதித்துவிட்டார்தானே? போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பெயின்ட் பற்றி எழுதியிருந்தாய்.

தங்கை


ஏப்ரல் 30

பொடிசு,

சௌக்கியம். தாமதத்துக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடி அனுப்பிவிட்டேன். மாமா கடையில், ஷட்டரை இறக்கிவிட்டு. அவர் வெளியே நின்றார்.

இங்கே நல்ல காற்று. மாடியில் துணி காயவைத்தால் பக்கத்து வீட்டில் போய் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டம்மாவுக்கு இரண்டாவது பேத்தி. கண்ணெல்லாம் நம் அம்மாவைப் போல இருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


மே 9

அக்கா,

நலமா.

இன்று முடிவு வந்தது. ஒரே சொல். பொருந்தவில்லை.

முத்திரை தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "உங்க அக்கா வேற யாரையாவது பேச வச்சாங்களா?" என்றார். இல்லை சார் என்றேன். "டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

குடித்தேன். மூன்றாம் மாடி வராந்தாவில் நின்று. கீழே ஒருவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், மிகவும் மெதுவாக.

பெயின்ட், காற்று, பேத்தி எல்லாவற்றையும் மறுபடி எடுத்து வாசித்தேன். இப்போது வேறு மாதிரி படிக்க முடிகிறது.

நான் எதுவும் கேட்கவில்லை. உனக்கு எழுதத் தோன்றும்போது எழுது.

தங்கை


மே 29

என் மைத்துனிக்கு மாமா எழுதுவது.

உன் அக்கா எழுத உட்காருகிறாள், கிழிக்கிறாள், மறுபடி உட்காருகிறாள். தாள் விலை என்ன விற்கிறது என்று யாருக்கும் கவலை இல்லை. அதனால் நான்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். பேசலாம் என்று டாக்டர் மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். இனி இருக்கிற குரல் இதுதான், இதற்கு மேல் வராது என்றும் சொன்னார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதனால் நான் சொல்லவில்லை.

வீட்டில் பேசுகிறாள். முதல் நாள் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. எழுத்து மாறாமல் அதே திட்டு.

மாமா


ஜூன் 16

பொடிசு,

நலம். உன் மாமா உனக்கு எழுதாத விஷயத்தை எழுதினார் என்று தெரியும். தபால் தலை ஒன்று குறைந்தது.

அவர் சொன்னது சரி. இப்போதைக்கு அதைப் பற்றி இவ்வளவு போதும்.

வேறொன்று நடந்தது. அந்தப் பக்கத்தில் புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். இப்போது வக்கீல். சின்ன வயதில் துறையில் அப்பாவைத் தவறவிட்டாராம். அந்தக் குரலுக்குரிய அம்மா தன் அறையில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, அழுகையைத் துடைத்தாராம்.

பிஸ்கட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் அழவும் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "எங்கப்பா தொலைஞ்சிட்டார், அவரைக் கூப்பிடுங்க" என்று அதட்டினான். ஆனால் பயத்தில் கால்சட்டை நனைந்துவிட்டது. அங்கே சூடாக இருந்தது மைக்கின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்றுதான். அதன் மேல் விரித்துக் காயவைத்து, போட்டுவிட்டு, அதன் பிறகுதான் அப்பாவையே கூப்பிட்டேன். கண்டிப்பான நிபந்தனை அது, அவனுடையது.

டயர் படத்தோடேயே பதில் எழுதினேன். "வக்கீல் சாருக்கு வணக்கம். அழுததாக நினைவில்லை, அதட்டியதாக நினைவு. அன்று சூடான பெட்டியின் மேல் என்ன காய்ந்தது என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். இங்கே சொல்லமாட்டேன்."

அடுத்த நிமிடம் வந்தது: "மேடம், தயவுசெய்து சொல்லாதீர்கள். இவர் உயிரோடுதான் இருக்கிறார். நான் சாட்சி."

இரண்டு நாள் கழித்து நேரிலேயே வந்துவிட்டார். தலை நரைத்திருக்கிறது. நான் பேசினேன். ஒரு விநாடி என் தொண்டையைப் பார்த்தார். அப்புறம், "அந்தப் பெட்டி இன்னும் இருக்கா மேடம்?" என்றார். முத்திரை போட்டு உறுதிமொழி எழுதித் தந்திருக்கிறார். இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் முத்திரைக்கு இது போதுமா?

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்கா,

போதும். முத்திரை அதை வாசித்துவிட்டு முதன்முறையாக எங்கள் எதிரில் சிரித்தார். எந்தப் பெட்டி, என்ன காய்ந்தது என்று கேட்டார். தொழில் ரகசியம் சார் என்றேன்.

நீ இன்று காலை பத்து மணி முதல் உயிரோடு இருக்கிறாய். மெழுகுவத்தியை எடுத்துவிட்டோம். டயர்க்காரரைத் திட்டியவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

இனி உன்னைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது. சம்மதப் படிவத்தை இணைத்திருக்கிறேன். இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் செய்தால் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். கோப்பு முடிந்துவிட்டதால் எனக்கிருந்த தடையும் போயிற்று. துறைக்காக மென்பொருள் செய்த மாதிரிக் குரலை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நீ ஒருநாளும் சொல்லாத வாக்கியங்கள். "அன்பான பயணிகளே, உங்கள் உடைமைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள்." உன் குரல். பத்து வருடத்துக்கு முந்தைய உன் குரல், காலை முதல் படகுக்குப் பேசுகிற, டீ குடிக்காத குரல். இடைவெளியும் இருக்கிறது, அப்படியே.

இரண்டாவது முறை போடச் சொன்னேன். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு மூன்றாவது முறை.

நீ அனுப்பிய பதிவையும் இப்போது நான் கேட்கலாம். கேட்கவில்லை.

கட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொல்லாமலே உனக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம்.

தங்கை


ஜூலை 30

பொடிசுக்கு,

நலம். படிவம் இத்துடன். இரண்டாவது கட்டம். வேண்டாம் என்பது.

நீ எந்தக் கட்டத்தை விரும்பினாய் என்று தெரியும். தெரிந்தேதான் போட்டேன். கோபித்துக்கொள், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

போன வாரம் துறைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். இப்போதைய இயந்திரம் கடிகாரத்தைப் பார்த்துப் பேசுகிறது. படகு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஏறலாம் என்கிறது. ஜனங்கள் அதை நம்புவதில்லை. நின்று, எட்டிப் பார்த்து, கயிறு கட்டுகிறவரின் கையைப் பார்த்து, அப்புறம் ஏறுகிறார்கள். அது நல்லது. அதே சொல் என் குரலில் வந்தால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கிறார்கள், பாவம். கண்ணை மூடிக்கொண்டு ஏறுவோம் என்று.

இடைவெளி அப்படியே இருக்கிறது என்றாய். அந்த இடைவெளியில் யார் எழுந்து பார்க்கிறார்கள்?

பழைய பதிவை எடுக்க வேண்டாம். அது இருக்கட்டும். அது நான் சொன்னது. அன்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அதை நீ எத்தனை முறை வேண்டுமானாலும் கேள்.

நிர்வாகத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், கயிறு கட்டுகிறவர் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்திய பிறகு அவர்களுடைய இயந்திரம் பேசட்டும் என்று. வக்கீல் திருத்திக் கொடுத்தார். பாதி வார்த்தைகள் எனக்கே புரியவில்லை, நன்றாக இருந்தது.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

உன் நலம் நேற்றே கேட்டுவிட்டேன், இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

படிவம் வந்த அன்று கோபித்துக்கொண்டேன், நீ சொன்னபடி சாப்பிட்டுவிட்டு. மறுநாள் மாதிரிக் கோப்பை அழித்தார்கள். அழிக்கும்போது நானும் கூட இருந்தேன்.

நேற்று சாயங்காலம் போன் அடித்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு, யார் என்று பார்க்காமல் எடுத்தேன். ஒரு குரல் என்னவோ சொன்னது. அடியில் மணல் தட்டிய குரல். நான் சொன்னேன்:

"யார் வேணும் சார்?"



"சாரா? இன்னொரு தடவை சொல்லுடி. உங்க மாமா கேக்கட்டும்."

நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். தரையில் உட்கார்ந்தேன். முதலில் நீ பேசியது எதுவும் காதில் ஏறவில்லை, குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். சில எழுத்துகளில் காற்று மட்டும் வருகிறது. வாக்கியம் முடியும் இடத்தில் இறங்கிவிடுகிறது. இது எங்கே உடையும் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் காத்திருப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. கவனித்தபோது நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவின் சைக்கிள் கறுப்பு என்றாய் நீ. பச்சை என்றேன் நான். "உனக்கு அப்ப அஞ்சு வயசு, உனக்கு என்ன தெரியும்" என்றாய். அதில் உட்கார்ந்து போனது நான், நீ நடந்துதானே வந்தாய் என்றேன். போட்டோ கிடையாது. கேட்க இனி ஆளும் கிடையாது. பேட்டரி தீர்ந்தது, சண்டை தீரவில்லை.

இனி கடிதம் எதற்கு என்று மாமா கேட்பார். இதை எழுத்தில் வைப்பதற்காக என்று சொல்:

பச்சை. அடர்பச்சை.

உன் தங்கை